நாலாம் ஆண்டில் நாங்கள் நால்வர்

பொறியியற் படிப்பு நான்கு ஆண்டுகள் என்று பல்கலைக் கழகத்தார் சொல்லுகிறார்கள். என்னைக் கேட்டால் படிப்பு மூன்று ஆண்டுகள்தாம் என்பேன். அந்த மூன்று ஆண்டுகளில் வகுப்பறைக்கும் மெஸ்ஸுக்கும் விடுதிக்குமாக ஓடுகிற ஓட்டத்தில், எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே மாணவனுக்குத் தெரிவதில்லை. ஊரார் கங்கையில் முழுகிப் பாவத்தைத் தொலைக்கிறார்கள். அவனோ திரவ இயக்கவியலில் முழுகி மதிப்பெண்ணைத் தொலைக்கிறான். நான்காம் ஆண்டு பிறந்த பிறகுதான் தலையை நிமிர்த்தி, ‘அடடா! இது காசியல்லவா?’ என்று சுற்றுமுற்றும் பார்க்கிறான்.

நம் பல்கலைக் கழகம் 1916-இல் மாளவியா அவர்களின் முயற்சியால் தோன்றியது. அதன் பொறியியற் கல்லூரி 1919-இல் பிறந்து, 1968-இல் உடன்பிறந்த வேறு கல்லூரிகளோடு சேர்ந்து தொழில்நுட்பக் கழகமாகி, 2012-இல் ஐ.ஐ.டி. என்னும் மூன்றாம் பிறவியையும் எடுத்து விட்டது. காசியில் இறந்தால் மறுபிறவி இல்லை என்பார்கள். கல்லூரிகளுக்கு அந்த விதி கிடையாது போலும்!

நாங்கள் நால்வர். விடுதியில் சொந்தப் பெயர் என்று ஒன்று உண்டு என்பதே எல்லோருக்கும் மறந்து போயிருந்தது. ஊர்ப் பெயர்தான் பெயர். மின்பொறியியல் படித்தவன் சேலம். சுரங்கப் பொறியியல் படித்தவன் நெய்வேலி. பழுப்பு நிலக்கரி ஊரில் பிறந்தவன் வேறு எதைப் படிப்பான்? கட்டடப் பொறியியலில் நாங்கள் இருவர்: நான் கும்பகோணம், மற்றவன் முதுகுளத்தூர். முதுகுளத்தூரின் தந்தையார் கொத்தனார். “எங்கப்பா கையாலே செய்யிற வேலையை நான் இங்கிலீஷிலே படிக்கிறேன், அவ்வளவுதான்” என்று அவன் சொல்லுவான்.

நால்வருக்கும் பொதுச் சொத்தாக இரண்டு சைக்கிள்கள், ஒரு காபி வடிகட்டி, வெந்நீர் போட ஒரு மின்கெண்டி. (விடுதிக் காப்பாளர் கண்ணில் இந்த வரி பட்டால், அந்தக் கெண்டி ஜலதோஷத்துக்கு ஆவி பிடிக்க மட்டுமே பயன்பட்டது என்று தெரிவித்துக் கொள்கிறேன்.) என் அன்னை மாதந்தோறும் அனுப்பும் காபிப் பொடியினால் என் அறைக்கு ஒரு மகிமை ஏற்பட்டிருந்தது. மாலை நாலரை மணிக்கு வராந்தாவில் காபி மணம் எழுந்ததும், அதுவரை தமிழே அறியாத வடநாட்டு நண்பர்கள் கூட, “அண்ணா, சௌக்கியமா?” என்று சுத்தமாக விசாரிப்பார்கள்.

நம் சிங்கத்துவாரத்துக்கு வெளியே உள்ள கடைத்தெருவின் பெயர் லங்கா என்பது உங்களுக்குத் தெரியும். மாலை ஐந்து மணிக்கு ‘இலங்கைக்குப் போய் வருவோமா?’ என்று கிளம்புவோம். அநுமார் கடலைத் தாண்டிப் போனார். நாங்கள் ஆட்டோக்களைத் தாண்டிப் போனோம். எது கடினம் என்பதை அந்தச் சந்திப்பில் நின்று பார்த்தவர்கள் தீர்மானிக்கட்டும். அங்கிருந்து அசி, அசியிலிருந்து படித்துறைகளின் ஓரமாகவே வடக்கு நோக்கி நடை. கடல் தேடிப் போகிற கங்கை இந்த ஊரில் மனம் மாறியதுபோல் வடக்கே திரும்பி ஓடுகிறாள். ஆகவே படிக்கட்டுகளெல்லாம் கிழக்குப் பார்த்தவை. மாலையில் கட்டடங்களின் நிழல் படிகளில் விழுந்து, குளிர்ச்சியாக இருக்கும்.

அநுமான் கட்டம் வந்தால் ஒரு நிமிடம் நிற்போம். 1898-இல் எட்டயபுரத்திலிருந்து ஓர் இளைஞர் இங்கே தம் அத்தை வீட்டுக்கு வந்து, ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் இருந்து படித்தார். பாரதியார்தாம். அவருக்கு மீசையும் தலைப்பாகையும் இந்த ஊரில்தான் வந்தன என்பார்கள். “நமக்கும் நாலு வருஷம் ஆச்சு, என்ன வந்தது?” என்று நெய்வேலி ஒருநாள் கேட்டான். “மூக்குக் கண்ணாடி” என்றான் சேலம்.

அந்த ஆண்டின் முதல் பெரிய இன்பம் இராமநகர் இராமலீலை. மூன்று ஆண்டுகளும் அந்தச் சமயத்தில் தேர்வு குறுக்கே வந்துவிடும். நான்காம் ஆண்டிலும் வந்தது. ஆனால் நாங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. சைக்கிளில் இருவர் இருவராக ஏறிக்கொண்டு, ஆற்றைக் கடந்து அக்கரைக்குப் போனோம். ஏறத்தாழ ஒரு மாத காலம் நடக்கிற நாடகம் அது. மேடை ஒன்று போட்டு எதிரே நாற்காலி போடுகிற வழக்கம் அங்கே இல்லை. ஊரிலேயே அயோத்தி ஓரிடம், சனகபுரி ஓரிடம், இலங்கை ஓரிடம். இராமர் காட்டுக்குப் போனால் நாமும் அவர் பின்னே நடக்க வேண்டும். ஒலிபெருக்கி கிடையாது, மின்விளக்கு கிடையாது. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், ‘சுப் ரஹோ! சாவ்தான்!’ என்று ஒரு குரல் எழுந்தவுடன் ஆயிரக்கணக்கான ஜனங்கள் வாயை மூடிக் கொள்கிறார்கள். சிறுவன் ஒருவன் இராமனாக நின்று பேசுவது கடைசி வரிசை வரையில் கேட்கிறது. எங்கள் வகுப்பில் ஒலிபெருக்கி உண்டு. கடைசி வரிசைக்கு ஒன்றும் கேட்பதில்லை!

டிசம்பர் முதல் தேதி என்றால் ஐ.ஐ.டி. மாணவனுக்கு வயிற்றில் ஒரு கலக்கம். அன்றுதான் நிறுவனங்கள் நேர்முகத் தேர்வுக்கு வரத் தொடங்கும். நள்ளிரவிலும் தேர்வு; விடியற்காலையிலும் தேர்வு. நாலு வருஷமாக ரப்பர்ச் செருப்பிலேயே காலம் தள்ளியவர்கள் கழுத்தில் டை கட்டிக் கொண்டு, கோயில் காளைகளைப் போல் வராந்தாவில் நிற்பார்கள். சேலத்துக்கு இரண்டாம் நாளே வேலை கிடைத்தது. நெய்வேலிக்கு அந்த வாரம். எனக்கு அதற்கடுத்த வாரம். முதுகுளத்தூர் பதினொரு நிறுவனங்களின் வாசலுக்குப் போய்ப் பதினொன்றிலிருந்தும் திரும்பி வந்தான். எழுத்துத் தேர்வில் அவன் பெயர் எப்போதும் மேலே இருக்கும். உள்ளே போய் ஆங்கிலத்தில் தன்னைப் பற்றி ஐந்து நிமிடம் பேசு என்றால், ஒரு நிமிடத்தில் முடித்து விடுவான். உள்ளதை ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்ட பிறகு மீதி நான்கு நிமிடம் என்ன பேசுவது என்பது அவன் கட்சி. நியாயமான கட்சிதான், ஆனால் வேலை கொடுப்பவர்கள் அந்தக் கட்சியில் இல்லை.

வேலை கிடைத்தவன் விருந்து கொடுக்க வேண்டும் என்பது விடுதியின் எழுதாச் சட்டம். நாங்கள் மூவரும் கூடி ரகசியமாக ஒரு தீர்மானம் செய்தோம்: நால்வருக்கும் கிடைத்த பிறகே விருந்து. ரகசியம் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. முதுகுளத்தூர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினான்.

“ஏண்டா, என்னைத் துக்க வீடாக்கிட்டீங்களா? மூணு பேரும் எழவு விசாரிக்க வந்தவன் மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டு நடக்கிறீங்க. எனக்கு வேலைதான் கிடைக்கலே. பசி எடுக்காமல் இல்லை. மூணு விருந்தும் எனக்கு வந்து சேரணும். தனித்தனியாக!”

மூன்று விருந்தும் தனித்தனியாகவே நடந்தன. மூன்றிலும் அவன்தான் அதிகம் சாப்பிட்டான். அவன்தான் அதிகம் சிரித்தான். மூன்றாம் விருந்து முடிந்து திரும்புகையில், சைக்கிளின் பின்னால் உட்கார்ந்திருந்தவன் என்னிடம் மட்டும், “வீட்டிலே இன்னும் சொல்லலேடா” என்றான். வங்கியில் கல்விக் கடன் இருந்தது. படிப்பு முடிந்த சிறிது காலத்தில் தவணை தொடங்கும். அதற்கு மேல் அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மூடுபனியில் வழி தெரியாமல் மணியடித்துக்கொண்டே விடுதி வந்து சேர்ந்தோம்.

அந்தக் குளிர்காலத்தை இப்போது நினைத்தாலும் நாவில் ஒரு சுவை எழுகிறது. காலை வேளைகளில் பழைய நகரத்துச் சந்துகளில் மலையோ என்று ஒரு பண்டம் விற்பார்கள். பாலைக் காய்ச்சி இரவெல்லாம் பனியில் வைத்து, விடியற்காலையில் கடைந்து எடுத்த நுரை, குங்குமப்பூ நிறம். மண் கிண்ணத்தில் நிறைய அள்ளித் தருவார்கள். வாயில் போட்டால் ஒன்றுமில்லை, வாசனைதான் இருக்கும். வெயில் ஏறினால் பண்டமும் இல்லை, கடையும் இல்லை. “காசு கொடுத்துக் காற்றை வாங்குகிறோம்” என்று சேலம் முணுமுணுப்பான். முணுமுணுத்துக்கொண்டே இரண்டாவது கிண்ணம் கேட்பான்.

எனக்கும் முதுகுளத்தூருக்கும் இறுதியாண்டுத் திட்டப்பணி ஒன்றாக அமைந்தது. படித்துறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வெள்ளத்துக்குப் பிறகு அதன் சுவரும் படிகளும் எவ்வளவு நகர்கின்றன என்று அளக்க வேண்டும். எந்தப் படித்துறை என்பதை இங்கே சொல்லவில்லை. ஊரார் மனம் நோகும்.

காசியின் படித்துறைகள் பெரும்பாலும் பதினெட்டாம் நூற்றாண்டில் மராத்தியர் ஆதரவில் கட்டப்பட்டவை. கல், அருகிலுள்ள சுனாரின் மணற்கல். மழைக்காலத்தில் கங்கை இந்தப் படிகளையெல்லாம் விழுங்கி மேலே வருகிறாள். இவ்வூரில் அபாய மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 71.262 மீட்டர். 1978-இல் வந்த வெள்ளம் 73.901 மீட்டரைத் தொட்டது. அதாவது அபாயக் கோட்டுக்கு மேலே ஓர் ஆள் கையைத் தூக்கி நின்றாலும் முழுகும் ஆழம். அந்த வெள்ளத்தைக் கண்ட கிழவர்கள் இன்னமும் படித்துறையில் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேசிக் கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் துறைக்கும் கங்கைக்கும் உறவு புதிதன்று. வீரபத்திர மிசிரர் என்பவர் இங்கே நீரியல் பேராசிரியராக இருந்தார். அதே சமயத்தில் சங்கடமோசன் கோயிலின் மகந்தாகவும் இருந்தார். காலையில் துளசி கட்டத்தில் நீராடுவார். பிறகு வகுப்பில் நீரோட்டக் கணக்கைப் போடுவார். கங்கையின் அழுக்கைக் கண்டு பொறாமல் 1982-இல் சங்கடமோசன் அறக்கட்டளையைத் தொடங்கி, 2013-இல் மறையும் வரையில் அதற்காகப் பாடுபட்டவர். நாங்கள் வருவதற்கு முன்பே அவர் மறைந்து விட்டார். ஆனாலும் மட்டக் கருவியைத் தோளில் சுமந்து துளசி கட்டத்தைக் கடக்கும்போதெல்லாம் அவர் நினைவு வராமல் போகாது.

அக்டோபரில் வெள்ளம் வடிந்ததும் முதல் முறை அளந்தோம், ஜனவரியில் மறுமுறை. நான் கருவியில் கண்ணை வைத்துக் கொள்வேன். முதுகுளத்தூர் அளவுக் கோலைப் பிடிப்பான். சேலமும் நெய்வேலியும் தங்களுக்குச் சம்பந்தமில்லாத வேலை என்று சொல்லிக் கொண்டே கூட வந்து, ஒருவன் குறிப்பேடு எழுதுவான், மற்றவன் கோலை முகர வரும் மாடுகளை ஓட்டுவான். காசி மாடுகளுக்கு அறிவியலில் உள்ள ஆர்வம் சொல்லி முடியாது! படகோட்டிகள், பண்டாக்கள், பட்டம் விடும் பையன்கள் எல்லோரும் எங்களுக்குச் சிநேகிதர்கள் ஆனார்கள். வேலை பாதி, தேநீர் பாதி என்று பொழுது போயிற்று. வாழ்க்கையிலேயே இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் அளந்ததில்லை.

சுவர் சில மில்லிமீட்டர் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. அதில் சந்தேகமில்லை. ஏன் சாய்ந்தது என்பதுதான் எங்கள் பேராசிரியர் எங்களிடம் விட்டிருந்த கேள்வி. ஆற்று வேகம் அடியில் அரித்திருந்தால் கீழ்ப்படி அல்லவா முதலில் இறங்க வேண்டும்? கீழ்ப்படியோ அசையாமல் இருந்தது. நூலகத்தில் இருந்த புத்தகமெல்லாம் மேஜைக்கு வந்து திரும்பிப் போயின.

இப்படி இருக்கையில் சிவராத்திரியை ஒட்டி முதுகுளத்தூரின் பெற்றோர் வந்தார்கள். இராமேசுவரத்திலிருந்து வாரம் ஒருமுறை நேரே வரும் வண்டியில் வந்தார்கள். சேதுக்கரை மணலைத் துணியில் முடிந்து கொண்டு வந்து பிரயாகையில் சேர்ப்பது, கங்கை நீரைக் கொண்டுபோய் இராமநாதருக்கு அபிடேகம் செய்விப்பது என்று அவர்களுக்கு நெடுநாளைய வேண்டுதல். மகன் காசியில் படிக்கும்போதே முடித்துவிட வேண்டும், பிறகு யார் துணை என்று வந்துவிட்டார்கள். அம்மாள் முறுக்கும் கருப்பட்டியுமாக ஒரு டின் கொண்டு வந்திருந்தார். அந்த டின்னின் ஆயுள் எங்கள் அறையில் ஒன்றரை நாள்.

மாலையில் படகு அமர்த்தி எல்லோரும் போனோம். அம்மாள் விளக்கு விட்டுக் கும்பிட்டுக் கொண்டிருந்தார். அப்போதுதான் முதுகுளத்தூர், யாரும் கேட்காமலே, “அப்பா, எனக்கு இன்னும் வேலை கிடைக்கலே” என்றான்.

அவர் சற்று நேரம் தண்ணீரில் கையை விட்டு அளைந்து கொண்டிருந்தார்.

“இந்தத் தம்பிகளுக்கு?”

“கிடைச்சிருச்சுப்பா.”

அவர் எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்தார். நாங்கள் படகின் பலகையைப் பார்த்துக் கொண்டிருந்தோம். பிறகு அவர், “இந்த இடத்திலே தண்ணி எம்புட்டு ஆழமிருக்கும்னு அந்தப் படகுக்காரரைக் கேளு” என்றார். அவ்வளவுதான். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

மறுநாள் காலை, “நீங்க அளக்கிற சுவத்தைக் காட்டுங்க தம்பி” என்று அவரே கிளம்பி விட்டார். எங்கள் கருவியின் வழியாகப் பார்க்கச் சொன்னோம், மரியாதைக்குப் பார்த்தார். பிறகு மேல்துண்டை இடுப்பில் கட்டிக் கொண்டு சுவரோரமாக நடந்தார். அங்கங்கே விரல் முட்டியால் தட்டினார். ஓரிடத்தில் உட்கார்ந்து, கல்லில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

“உப்புப் பூத்திருக்கு பாருங்க. சுவத்து முதுகிலே தண்ணி நிக்குது. பழைய கட்டுமானத்திலே இடுக்கு இடுக்கா விட்டிருக்கான், தண்ணி வடியட்டும்னு. பின்னாலே வந்தவுக சிமிட்டியைப் போட்டு அம்புட்டையும் அடைச்சுப்புட்டாக.”

“வெள்ளம் வந்தப்போ விழாத சுவர் இப்போது ஏன் ஐயா சாய்கிறது?” என்று கேட்டேன்.

“வெள்ளத்திலே எப்படித் தம்பி விழும்? எங்க கம்மாய்க் கரையிலே அலைகல்லு, தண்ணி நெறைஞ்சு நிக்கிறப்போ சரிஞ்சு நான் பார்த்ததில்லே. மடையைத் தொறந்து தண்ணி விறுவிறுன்னு எறங்கின பொறவுதான் சரியும். முன்னாலே தாங்கிப் பிடிச்ச தண்ணி போயிருது. கரைக்குள்ளே ஊறின தண்ணி போகலே. அது தள்ளத்தானே செய்யும்?”

சேலம் எழுதுவதை நிறுத்தி விட்டான். முதுகுளத்தூர் அளவுக் கோலை ஊன்றியபடியே தன் தந்தையைப் பார்த்துக் கொண்டிருந்தான். அவர் சொன்னதற்குப் புத்தகத்தில் பெயர் உண்டு. மண் அணைகளைப் பற்றிய பாடத்தில் வருகிறது. நீர்மட்டம் விரைந்து இறங்கினால் கரையினுள் தங்கிய நீர் அதே விரைவில் வெளியேறாது. அதன் அழுத்தம் முழுவதும் அணையின் முகத்தில் விழும். அணைக்குச் சொன்னதைப் படித்துறைக்குக் கொண்டுவரக் கண்மாய்க் கரையில் வேலை செய்த கை வேண்டியிருந்தது.

அன்று முதல் எங்கள் திட்டப்பணி வேகம் பிடித்தது. அடைபட்ட பகுதியையும் அடைபடாத பகுதியையும் தனித்தனியாக அளந்து மார்ச்சில் ஒப்பிட்டோம். அடைபட்ட பகுதியில்தான் சாய்வு. ஏப்ரலில் வாய்மொழித் தேர்வு நடந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்ட கேள்விகளுக்கு முதுகுளத்தூர் பதில் சொன்னான். ஒரு நிமிடத்தில் முடிக்கவில்லை. கண்மாய் என்றால் என்ன, மடை என்றால் என்ன, அலைகல் எப்படி அடுக்குவார்கள் என்று பலகையில் படம் போட்டு, இருபது நிமிடம் பேசினான். ஆங்கிலம் அங்கங்கே தடுக்கியது. அவனும் அதைப் பொருட்படுத்தவில்லை, கேட்டவரும் பொருட்படுத்தவில்லை. அறிக்கையின் நன்றியுரையில் பேராசிரியர் பெயருக்கு அடுத்தபடி அவன் தந்தையின் பெயர் அச்சாகியிருக்கிறது. “இவர் எந்த நிறுவனத்தில் இருக்கிறார்?” என்று பேராசிரியர் கேட்டார். “முதுகுளத்தூரில் இருக்கிறார்” என்றோம்.

அந்தப் பெரியவர் ஊருக்குத் திரும்பிய பிறகு வாரந்தோறும் மகனைக் கைப்பேசியில் அழைப்பார். வேலையைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. “அந்தச் சுவரு என்னாச்சு?” என்றுதான் கேட்பார்.

மேற்படிப்புக்கான கேட் தேர்வில் முதுகுளத்தூருக்கு நல்ல மதிப்பெண் வந்தது. மண்ணியலா, நீரியலா என்று இரண்டு மனமாக இருக்கிறான். வேலை என்னவோ நாங்கள் பிரியும் நாள் வரையில் கிடைக்கவில்லை. படிக்கும் வரையில் கடன் தவணை தள்ளிப் போகும் என்று வங்கிக்கு நடந்து விசாரித்து வந்தவன் சேலம். கணக்கில் அவன் கெட்டி. நெய்வேலி சிங்ரௌலி நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போகிறான். சேலம் புனேக்கு; நான் ஹைதராபாத்துக்கு.

மே மாதத்தில், நாற்பது டிகிரி வெயிலில், பொதுச் சொத்தைப் பாகப்பிரிவினை செய்தோம். வடிகட்டியை முதுகுளத்தூர் எடுத்துக் கொண்டான். இன்னும் இரண்டு ஆண்டு விடுதியில் இருக்கப் போகிறவன் அவன்தானே? கெண்டியை நெய்வேலி கொண்டு போனான். சைக்கிள்களில் ஒன்று உதிரிபாகங்களாகவே மிச்சமிருந்தது. மற்றொன்றை நம் சங்கத்து இரண்டாமாண்டு நண்பர் ஒருவருக்கு இனாமாகக் கொடுத்திருக்கிறோம். அவர் இதைப் படிக்க நேர்ந்தால் ஒரு வார்த்தை: முன் பிரேக் பிடிக்காது. லங்காவிலிருந்து அசிக்கு இறங்கும்போது காலை ஊன்றிக் கொள்ளவும். பின் இருக்கையில் ஆள் இருந்தால், அவர் காலையும்.